இல்லாத பெயருக்கு முகவரி கொடுக்காதீர்கள்

அனுப்புநர்: அச்சக உரிமையாளர், பிராட்பேண்ட் வாடிக்கையாளர்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு
பொருள்: உங்கள் டிஎன்எஸ் சர்வர் (இணையப் பெயருக்கு உரிய ஐபி முகவரியை, அதாவது எண் முகவரியைச் சொல்வது) தரும் பொய்ப் பதில்

ஐயா,

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சின்ன அச்சகம் என்னுடையது. போன மாதம் பெண் வீட்டாருக்கு புரூஃப் அனுப்பும்போது மெயில் முகவரியில் ஓர் எழுத்து தவறிவிட்டது. அப்படி ஒரு டொமைனே (@-க்குப் பின் வரும் பெயர்) கிடையாது. முன்பெல்லாம் இப்படிப்பட்ட மெயில் உடனே திரும்பி வந்துவிடும், திருத்தி அனுப்புவோம். இந்த முறை திரும்பி வர 5 நாள் ஆனது. அதுவரை பெண்ணின் அப்பா புரூஃப் வரும் என்று காத்திருந்தார், நாங்கள் அவர் சரி சொல்வார் என்று காத்திருந்தோம். கடைசியில் இரவெல்லாம் மெஷின் ஓட்டித்தான் பத்திரிகையைக் கொடுத்தோம். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

டிஎன்எஸ்ஸிடம் கேட்டுச் சொல்லும் என்எஸ்லுக்அப் கட்டளையில் அந்தத் தவறான பெயரைப் போட்டுப் பார்த்தேன். ‘பெயர் இல்லை’ என்று வரவேண்டிய இடத்தில் ஓர் ஐபி முகவரி வந்தது. பிரவுசரில் திறந்தால் உங்கள் விளம்பரப் பக்கம். கைக்கு வந்த எழுத்துகளைத் தட்டினாலும் அதே முகவரிதான். அந்தப் பெயருக்கு மெயில் வாங்கும் சர்வர் எது என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவைக் கேட்டால் காலிப் பதில். எம்எக்ஸ் இல்லாவிட்டால் மெயில் சர்வர் ஏ பதிவுக்கு, அதாவது அந்தப் பெயரின் ஐபி முகவரிக்குப் போகும். அங்கே உங்கள் விளம்பர சர்வர் நிற்கிறது. அது மெயில் வாங்காது. எதிர்ப்பக்கம் தற்காலிகப் பழுது என்று நம்பி எங்கள் சர்வர் 5 நாள் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

டிஎன்எஸ்ஸை கூகுளின் 8.8.8.8 என்று மாற்றியும் அதே பதில். அப்படியானால் டிஎன்எஸ் கேள்விகள் போகும் போர்ட் 53 வழியாக நான் வேறொருவரிடம் கேட்கும் கேள்வியையும் வழிமறித்து நீங்களே பதில் சொல்கிறீர்கள். விளம்பரத்தைவிட இதுதான் எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது.

கஸ்டமர் கேரில் 3 முறை பேசினேன். 3 முறையும் ‘மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்’ என்றார்கள். மோடத்தில் ஒரு கோளாறும் இல்லை.

பெயர் இல்லையென்றால் இல்லை என்று சொல்ல, 1987-இல் வந்த டிஎன்எஸ் விதிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 1035-லேயே பதில் குறியீடு 3 இருக்கிறது. 2003 செப்டம்பரில், .காம், .நெட் பெயர்ப் பதிவேடுகளை நடத்தும் வெரிசைன் நிறுவனம் அவை இரண்டிலும் பதிவாகாத பெயர்களை எல்லாம் தன் பக்கத்துக்குத் திருப்பியபோது, உலகெங்கும் எதிர்ப்பு எழுந்து, இணையப் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகேன் அமைப்பின் கெடுவுக்குப் பணிந்து அக்டோபர் 4 அன்று நிறுத்தியது. அதே வேலையை இப்போது நீங்கள் செய்கிறீர்கள்.

என் இணைப்பில் இந்தத் திசைதிருப்பலையும் போர்ட் 53 வழிமறிப்பையும் 7 நாளுக்குள் நிறுத்துங்கள். நிறுத்திய தேதியை எழுத்தில் தெரிவியுங்கள். என்எஸ்லுக்அப் விடைகளின் நகலும் அந்த மெயிலின் சர்வர் லாகும் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
அச்சக உரிமையாளர்