புஹோல்ஸும் அந்தப் பத்து வருடமும்

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்தபோது நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லாரும் சுகம்.

உன் பேஸ்பால் அணியின் வயதான ஆட்டக்காரரை வைத்துக்கொள்வதா விடுவதா என்று நீ கேட்டதற்கு வருகிறேன். "வயதாகிவிட்ட ஹோம் ரன்காரரோடு ஒப்பந்தம் முடிந்தால் வழியனுப்பிவிட வேண்டியதுதான், புஹோல்ஸ் ஒருவர் போதாதா பாடம் படிக்க?" என்று எழுதியிருந்தாய். பேட்டர் ஆல்பர்ட் புஹோல்ஸ் விஷயத்தில் நீ எடுத்துக்கொண்ட பாடம் சரியில்லை என்று தோன்றுகிறது. அவர் முதல் பதினொரு வருடம் ஆடிய செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி அவரை யோசித்து விட்டுக்கொடுத்ததாகத்தான் இன்றும் பலர் பேசுகிறார்கள். அப்போது வந்த செய்திகளின்படி, அவர்களும் பத்து வருடத்துக்குச் சுமார் 21 கோடி டாலர் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். 2011 டிசம்பரில் ஏஞ்சல்ஸ் அணி 24 கோடி என்றது, அவர் போய்விட்டார். அந்த மூன்று கோடி வித்தியாசம்தான் செயின்ட் லூயிஸைக் காப்பாற்றியது. காப்பாற்றப்பட்டதை முன்யோசனை என்று எடுத்துக்கொண்டால் அடுத்த முறை நாமே போய் விழுவோம்.

அந்த டிசம்பரில் கார்டினல்ஸ் அலுவலகத்தின் மேஜையில் என்னென்ன இருந்தன என்று பார். பதினொரு வருடத்தில் 445 ஹோம் ரன், அதாவது மைதானத்துக்கு வெளியே போன அடி. லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. விருது மூன்று முறை. 2006, 2011 என்று இரண்டு முறை உலகத் தொடரில் (இரு லீக் சாம்பியன்கள் மோதும் இறுதித் தொடர்) வெற்றி. அந்த 2011 தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் டெக்சாஸ் மண்ணில் ஒரே இரவில் மூன்று ஹோம் ரன். டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) 13ஆவது சுற்றில் எடுத்த பையன், இவர்கள் கையிலேயே வளர்ந்தவர். இத்தனையும் இருக்கும்போது வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

ஆனால் அதே மேஜையில் வேறொரு வரிசையும் இருந்தது. அவர் அவுட் ஆகாமல் பேஸை அடைந்த விகிதம்: 2008இல் .462, 2009இல் .443, 2010இல் .414, 2011இல் .366. படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. 2011இல் 37 ஹோம் ரன் அடித்ததால் எல்லார் கண்ணும் அதன் மேலேயே இருந்தது. ஹோம் ரன் அவரிடம் இன்னும் இருந்தது. முதலில் கழன்று விழுந்தது வாக், அதாவது நான்கு தவறான பந்தை விட்டுவிட்டு அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது.

வாக் எண்ணிக்கையைப் படிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. 2010இல் அவருக்கு 103 வாக், 2011இல் 61. ஒரேயடியாக விழுந்துவிட்டது போலத் தெரியும். அதில் பிட்சர்கள் (பந்து போடுபவர்கள்) பயந்து வேண்டுமென்றே கொடுத்ததைக் கழிக்க வேண்டும். 2010இல் அது 38, 2011இல் 15. அந்த வருடம் பேட்டிங் வரிசையில் அவருக்குப் பின் வந்த ஹாலிடே, பெர்க்மன் இருவரும் நன்றாக அடித்ததால், இவரைத் தாண்டி அடுத்தவருக்குப் போடுவதில் லாபமில்லை. கழித்துப் பார்த்தால் அவராகவே தவறான பந்துகளை அடிக்காமல் விட்டு எடுத்த வாக் 65லிருந்து 46. சரிவு பாதியாகச் சுருங்கிவிட்டது. ஆனாலும் சரிவு சரிவுதான். விட வேண்டிய பந்துக்குப் பேட் போகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஏன் போகிறது? மணிக்கு 95 மைல் வேகப் பந்து, பிட்சரின் கையை விட்டு பேட்டரிடம் வர ஏறக்குறைய 0.4 நொடி. ஸ்விங்குக்கு மட்டும் சுமார் 0.15 நொடி வேண்டும். மிச்சம் கால் நொடி. பந்து எந்த வகை, எங்கே வரும், அடிப்பதா விடுவதா என்று அதற்குள் முடிவாக வேண்டும். முப்பதைத் தாண்டி பேட்டின் வேகம் கொஞ்சம் குறைந்தால், அந்தக் குறையை எங்கிருந்து ஈடுகட்டுவது? பார்க்கும் நேரத்திலிருந்துதான் திருட முடியும். பேட்டர் சீக்கிரமே கிளம்பிவிடுகிறார். வேகப் பந்து வந்தால் தப்பித்தார், ஹோம் ரன்கூடப் போகும். வளைந்து கீழே இறங்கும் பந்து வந்தால் ஏற்கனவே கிளம்பிய பேட்டைத் திருப்ப முடியாது. ஒன்று காற்றில் வீசுவார், இல்லையென்றால் பந்தின் மேல்பாதியில் பட்டு ஷார்ட்ஸ்டாப்பிடம் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) உருண்டோடும். புஹோல்ஸ் 2011இல் 29 முறை டபுள் ப்ளேயில் முடிந்தார், லீகிலேயே அதிகம். வேகமாகத் தரையில் உருளும் பந்து, மெதுவாக ஓடும் கால், இரண்டும் சேர்ந்தால் ஒரு அடியில் இரண்டு அவுட். ஓய்வு பெறும்போது வாழ்நாள் கணக்கில் 426 டபுள் ப்ளே. லீக் வரலாற்றில் அதுதான் உச்சம்.

கால் என்றதும் இன்னொன்று. 2013இல் இடது பாதத்தின் அடியில் வந்த வலியால் அவர் 99 ஆட்டம்தான் ஆடினார். பாத வலிக்கும் பேட்டிங்குக்கும் என்ன தொடர்பு என்று கேட்காதே. வலக்கை பேட்டருக்கு இடது கால்தான் முன்கால். பின்காலிலிருந்து கிளம்பிய விசையை முன்கால் ஊன்றித் தடுத்தால்தான் இடுப்பு சுழலும். ஊன்றும் இடத்தில் வலி இருந்தால் உடம்பு தானாகவே விட்டுக்கொடுக்கும், அடி முழுவதும் கையின் வேலையாகிவிடும். பவர் பேட்டரை எடைபோடும்போது கையைவிடக் காலின் காயப் பட்டியலை முதலில் படி.

இனி ஒப்பந்தத்தின் வடிவம். ஏஞ்சல்ஸ் 2012இல் கொடுத்தது 1 கோடியே 20 லட்சம், அடுத்த வருடம் 1 கோடியே 60 லட்சம், 2014இல் 2 கோடியே 30 லட்சம். அதன்பின் வருடம் பத்து லட்சம் ஏறி, 2021இல் 3 கோடி. ஆட்டம் இறங்க இறங்கச் சம்பளம் ஏறுகிறது. 2015இல் 40 ஹோம் ரன் அடித்தார், ஆனால் பேஸை அடைந்த விகிதம் .307. 2017இல் 101 ரன்னை உள்ளே கொண்டுவந்தார் என்று தலைப்புச் செய்தி. அதே வருடம் அந்த விகிதம் .286. மைக் ட்ரவுட் போன்ற அணித் தோழர்கள் முன்னால் போய் பேஸில் நின்றதால் வந்த ரன்கள் அவை. இப்படி உள்ளே கொண்டுவந்த ரன்களின் கணக்கான ஆர்.பி.ஐ. எண்ணை வைத்து வயதானவருக்குச் சம்பளம் போடவே கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான். பத்து வருடத்தில் ஏஞ்சல்ஸ் ஒரே ஒரு முறை, 2014இல், சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றுக்குப் போனார்கள். ஒரு வெற்றிகூட இல்லாமல் ராயல்ஸிடம் தோற்று வந்தார்கள். 2021 மே மாதம், ஒப்பந்தம் முடியும் முன்பே அவரை விடுவித்துவிட்டார்கள்.

இதே மனிதர் இதே பத்து வருடம் செயின்ட் லூயிஸில் இருந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஏஞ்சல்ஸ் அமெரிக்கன் லீக். அங்கே டி.எச். உண்டு, ஃபீல்டிங் செய்யாமல் பேட் மட்டும் பிடிக்கலாம். கார்டினல்ஸ் ஆடும் நேஷனல் லீகில் அந்த வசதி 2022இல்தான் நிலையாக வந்தது. இடையில் 2020 என்ற குறுகிய பருவத்தில் மட்டும் இருந்தது. வலிக்கிற பாதத்தோடு 41 வயது வரை முதல் பேஸில் நிற்க வேண்டியிருந்திருக்கும். அவருக்காக இளம் ஆட்டக்காரர்களும் வெளியே உட்கார்ந்திருப்பார்கள்.

அவர் போன பிறகு கார்டினல்ஸ் செய்ததைத்தான் நான் பாராட்டுவேன். அதில் நிஜமாகவே யோசனை இருந்தது. கார்லோஸ் பெல்ட்ரானை இரண்டே வருடத்துக்கு, 2 கோடியே 60 லட்சத்துக்கு எடுத்தார்கள். முதல் வருடமே அவர் 32 ஹோம் ரன். முதல் பேஸுக்கு நினைத்திருந்த பெர்க்மன் காயப்பட்டதும் ஆலன் கிரெய்க் உள்ளே வந்து .307 சராசரியில் அடித்தார். அன்றைய விதிப்படி ஏஞ்சல்ஸின் முதல் சுற்றுத் தேர்வு இவர்கள் கைக்கு வந்தது. அந்த 19ஆம் இடத்தில் எடுத்த மைக்கேல் வாக்கா, 2013 லீக் இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர். 36ஆம் இடத்தில் இன்னொரு தேர்வு, ஸ்டீஃபன் பிஸ்காட்டி. மீந்த பணத்தில் கேட்சர் மொலினாவுக்கு ஐந்து வருட ஒப்பந்தம், பிட்சர் வெய்ன்ரைட்டுக்கு ஐந்து வருட ஒப்பந்தம். 2013இல் உலகத் தொடர் வரை போனார்கள், 2015இல் நூறு ஆட்டம் ஜெயித்தார்கள்.

"அப்படியானால் விடுவதுதானே சரி" என்பாய். பொறு. போஸ்டன் ரெட் சாக்ஸ் அணியைப் பார். டேவிட் ஒர்டீஸுக்கு 2012இல் குதிகால் தசைநார்க் காயம், வயது 37ஐத் தொடுகிறது. ரெட் சாக்ஸ் இரண்டு வருடம், 2 கோடியே 60 லட்சம் கொடுத்து நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த வருடமே உலகத் தொடரில் .688 சராசரியில் அடித்துத் தொடர் நாயகன். 2016இல், 40 வயதில், .315 சராசரியில் 38 ஹோம் ரன். வைத்துக்கொண்டதும் சரி, கொடுத்த வருட எண்ணிக்கையும் சரி.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது பால்டிமோர் அணி. 2014இல் நெல்சன் க்ரூஸ் ஒரு வருட ஒப்பந்தத்தில் அங்கே 40 ஹோம் ரன் அடித்தார், லீகிலேயே அதிகம். வயது 34. நான்காவது வருடம் தர அணி தயங்கியது. சியாட்டில் அணி நான்கு வருடம், 5 கோடியே 70 லட்சம் என்றது. அங்கே அவர் அடித்தது 44, 43, 39, 37. அதே பால்டிமோர், 2016 ஜனவரியில், 30 வயதுகூட நிரம்பாத கிறிஸ் டேவிஸை ஏழு வருடத்துக்கு 16 கோடியே 10 லட்சத்துக்குத் தக்கவைத்தது. 47 ஹோம் ரன் அடித்த கையோடு போட்ட ஒப்பந்தம். ஆனால் அதே பருவத்தில் 208 ஸ்ட்ரைக்அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட். 2018இல் அவர் சராசரி .168. பிறகு தொடர்ந்து 54 முறை பேட் பிடித்து ஒரு ஹிட்கூட இல்லாமல் போனது. 2021இல் ஓய்வு. ஒத்திவைத்த 4 கோடியே 20 லட்சத்தை 2037 வரை அணி தவணையாகக் கட்டிக்கொண்டிருக்கும். பிறந்த தேதியை மட்டும் பார்த்தால் க்ரூஸை விட்டதும் டேவிஸை வைத்ததும் நியாயமாகத்தான் தெரியும்.

ஆகவே உன் அணியின் ஆளைப் பற்றி நான் கேட்கும் முதல் கேள்வி வயதல்ல. 95 மைலுக்கு மேல் வரும் பந்தை மூன்று வருடமாக எப்படி அடிக்கிறார்? ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே போகும் பந்தைத் துரத்துவது கூடுகிறதா? பேட் வேகத்தை 2024 முதல் பொதுவில் வெளியிடுகிறார்கள். சராசரி மணிக்கு 72 மைல் அளவில் இருக்கும், 75ஐத் தாண்டினால் வேகமான ஸ்விங். அது வருடாவருடம் குறைந்தால், ஹோம் ரன் எண்ணிக்கை எவ்வளவு அழகாக இருந்தாலும் நம்பாதே.

இத்தனையும் தேறினால் வைத்துக்கொள்ளலாம். இரண்டு வருடம், மிஞ்சினால் மூன்று. மூன்றாவது வருடத்தை அணியின் விருப்பமாக எழுதிக்கொள்வது நல்லது. வருடச் சம்பளத்தில் தாராளமாக இரு, வருட எண்ணிக்கையில் கையை இறுக்கு. அணிகள் இதற்கு நேர்மாறாகச் செய்வதற்கு ஒரு காரணம் உண்டு. சம்பள வரம்பு வரியில் கணக்கு, ஒப்பந்தத்தின் வருடச் சராசரியில் போடப்படுகிறது. 9 கோடியை மூன்று வருடத்துக்குக் கொடுத்தால் கணக்கில் வருடம் 3 கோடி. ஆறு வருடத்துக்கு இழுத்தால் 1 கோடியே 50 லட்சம். 2026இல் ஒரு அணியின் மொத்தச் சம்பளத்துக்கான வரம்பு 24 கோடியே 40 லட்சம். அதைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு முதல் முறை 20 சதவீதம், அடுத்தடுத்த வருடம் 30, 50 என்று வரி ஏறும். அந்த வரியைத் தவிர்க்க வருடத்தை நீட்டுகிறார்கள். கடைசி மூன்று வருடம் அணியில் ஒரு இடத்தை அந்த ஆளுக்காகவே பூட்டி வைக்க வேண்டியிருப்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 26 பேரில் ஒருவர் டி.எச். இடத்தை நிரந்தரமாகப் பிடித்துக்கொண்டால், முழங்கால் நோகும் கேட்சருக்கு அந்த இடத்தில் ஒரு நாள் இளைப்பாறக்கூட வழியிருக்காது.

குவாலிஃபையிங் ஆஃபரை, அதாவது ஒப்பந்தம் முடியும் ஆளுக்கு அவர் அணியே நிலையான தொகைக்குத் தரும் ஒரு வருட அழைப்பை, மறந்துவிடாதே. 2025-26 குளிர்காலத்தில் அது 2 கோடியே 20 லட்சத்துச் சொச்சம், ஒரு வருடத்துக்கு. ஏற்றுக்கொண்டால் நீ விரும்பிய குறுகிய ஒப்பந்தம் கையில். மறுத்து வேறு அணிக்குப் போனால் பதிலுக்கு ஒரு டிராஃப்ட் தேர்வு. ஆனால் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறைதான் தர முடியும். உன் ஆள் முன்பே வாங்கியவரா என்று பார்த்துக்கொள்.

2022இல் புஹோல்ஸ் செயின்ட் லூயிஸுக்கே திரும்பி வந்தார், உனக்கு நினைவிருக்கும். ஒரு வருடம், 25 லட்சம் டாலர். நேஷனல் லீகில் டி.எச். வந்தாகிவிட்டது. இடக்கை பிட்சர்கள் போடும் நாட்களில் பெரும்பாலும் இறக்கினார்கள். 42 வயதில் 24 ஹோம் ரன், செப்டம்பரில் 700ஐத் தாண்டி 703இல் நின்றார். அதே ஆள்தான், அதே ஊர்தான்.

அடுத்த கடிதத்தில் உன் அணிக்காரரின் கடைசி மூன்று வருட வாக் எண்ணிக்கையை எழுது. வேண்டுமென்றே கொடுத்ததைக் கழித்துவிட்டு எழுது. பாதம், முழங்கால், பின்தொடை காரணமாக எத்தனை ஆட்டம் தவறவிட்டார் என்பதும் வேண்டும். அது வந்த பிறகு இரண்டா மூன்றா என்று பேசுவோம்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
முரளி