ஆபீஸை எந்தத் தெருவில் போடுவீர்கள்?

பெங்களூரின் 369 வார்டுகளிலும் ஜெயித்து வரப்போகிற கார்ப்பரேட்டர்களுக்கு,

வணக்கம். ஓட்டு கேட்டு வரும்போது ரோடு, தண்ணீர், குப்பை என்று எல்லாரும் கேட்பார்கள். அதற்கெல்லாம் நீங்கள் பதில் தயாராக வைத்திருப்பீர்கள். நான் கேட்க நினைப்பது வேறு. ஜெயித்த பிறகு ஆபீஸை எங்கே போடப் போகிறீர்கள்?

எங்கள் பழைய கார்ப்பரேட்டரின் ஆபீஸைப் பற்றிச் சொல்கிறேன். ஆள் பெயரும் வார்டு பெயரும் வேண்டாம், கண்டோன்மென்ட் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனிதர் கெட்டவர் இல்லை. மெயின் ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் உட்கார்ந்திருந்தார். பக்கவாட்டில் இரும்புப் படிக்கட்டு. ஒருவர் ஏறினால் எதிரே இறங்குகிறவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

எங்கள் சந்தில் மூன்று வாரமாக லைட் எரியவில்லை. அம்மாவுக்கு மூட்டு வலி. படிக்கட்டைப் பார்த்ததும் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டு, ‘நீ போய்ச் சொல்லிட்டு வா’ என்றார். அங்கே ஏற்கெனவே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், எல்லாம் வயசானவர்கள். ஒரு பாட்டி மடியில் பிளாஸ்டிக் கவர், உள்ளே பென்ஷன் பேப்பர். அவருடைய பேரன் மேலே போயிருந்தான்.

மேலே வேறு கூட்டம். நாற்காலியில் இருந்தவர்கள் எல்லார் கையிலும் ஃபைல். கான்ட்ராக்டர்கள், வீடு கட்டுகிறவர்கள், காத்தா என்கிற சொத்துப் பதிவுக்கு வந்தவர்கள், கட்சிப் பையன்கள் சிலர். ஐந்து வருஷமும் அவர் கண்ணில் பட்ட வார்டு இதுதான் என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கீழ்ப்படியில் இருந்த வார்டை அவர் பார்க்கவே இல்லை. இறங்கும்போது பார்த்திருக்கலாம், ஆனால் அவர் இறங்கி நேராக வண்டியில் ஏறுகிறவர்.

லைட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் சொன்னதை உதவியாளர் எழுதிக்கொண்டார். மறுநாளே ஆள் வந்தார், அதில் குறை சொல்ல முடியாது. பக்கத்துச் சந்துக் கம்பத்தில் ஏறி, நன்றாக எரிந்துகொண்டிருந்த பல்பை மாற்றிவிட்டுப் போனார். அதே ஆபீஸ் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருந்திருந்தால், அம்மா அந்த உதவியாளரைக் கையோடு கூட்டி வந்து கம்பத்தைத் தொட்டுக் காட்டியிருப்பார்.

‘அதற்குத்தான் 1533 என்ற புகார் நம்பர் இருக்கிறதே’ என்று நீங்கள் சொல்லலாம். நல்ல ஏற்பாடுதான், நானும் போன் போட்டிருக்கிறேன். ஆனால் ‘மாரியம்மன் கோயிலிலிருந்து மூன்றாவது கம்பம், மாட்டுக் கொட்டகைக்கு எதிரே’ என்பதுதான் அம்மாவுக்குத் தெரிந்த விலாசம். அதைக் கேட்டுப் புரிந்துகொள்ள அந்தத் தெருவில் நடந்தவர் வேண்டும்.

2020 செப்டம்பர் 10ஆம் தேதி கவுன்சிலின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த மாதமே ஹார்டுவேர் கடை மாடியில் போர்டு இறங்கியது, இப்போது அங்கே ஒரு டியூஷன் சென்டர். அப்புறம் தேர்தலே வராமல் ஐந்து வருஷம் ஓடியது. 2025 செப்டம்பர் 2ஆம் தேதி மகாநகர பாலிகே என்ற பழைய மாநகராட்சியே போய், அதன் இடத்தில் ஐந்து மாநகராட்சிகள் வந்தன. இத்தனைக்கும் நடுவில் சாக்கடை மோரி அடைத்துக்கொள்வதும் பல்பு போவதும் நிற்கவில்லை. எங்களுக்குத்தான் போய் நிற்க ஓர் இடம் இல்லை. எம்.எல்.ஏ. ஆபீசுக்குப் போனோம், அங்கே எங்களைப் போல எத்தனையோ வார்டுகள். ஆபீஸ் கார்ப்பரேட்டருடைய சொந்தச் சமாச்சாரமாக இருந்ததால் அவரோடு சேர்ந்து அதுவும் காணாமல் போனது. நான் இந்த மடலை எழுதுவதற்குக் காரணமே இதுதான். ஆபீஸ் வார்டுடையதாக இருக்க வேண்டும். நீங்கள் தோற்றாலும் தேர்தல் தள்ளிப்போனாலும் அந்தக் கதவு அங்கேயே இருக்க வேண்டும், குமாஸ்தா ஒருவராவது உள்ளே இருக்க வேண்டும்.

இடம் கிடைக்காது என்று சொல்லாதீர்கள். முன்பு 198 வார்டு, இப்போது 369. நகரம் சுமார் 700 சதுர கிலோமீட்டர். கணக்குப் போட்டால் வார்டுக்கு இரண்டு சதுர கிலோமீட்டர்கூட வராது. ஓரத்து வார்டுகள் பெரிசுதான், உள்ளே மத்திய மாநகராட்சியின் 63 வார்டுகளில் சிலதை அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். ஆகவே ஆட்டோவுக்குக் காசு கொடுத்து வார்டு ஆபீசுக்குப் போகிற நிலைமை இனி யாருக்கும் வரக் கூடாது. ஏற்கெனவே பல வார்டுகளில் இந்திரா கேன்டீன், நம்ம கிளினிக், உலர் கழிவு மையம் என்று அரசாங்கக் கட்டடங்கள் இருக்கின்றன. அவற்றோடு ஒட்டி ஒரு தரைத்தள அறை போதும். பார்க்கையும் விளையாட்டு மைதானத்தையும் மட்டும் தொடாதீர்கள். 2017இல் கேன்டீன் கட்டியபோது சில இடங்களில் அதற்காகச் சண்டை வந்தது ஞாபகம் இருக்கும்.

மெயின் ரோடு வேண்டாம் என்பேன். போர்டு பளிச்சென்று தெரியும், கார் நிறுத்தலாம், உங்களுக்கு வசதிதான். ஆனால் மெயின் ரோடு பல இடங்களில் வார்டின் எல்லை. அங்கே உட்கார்ந்தால் பாதிப் போக்குவரத்து பக்கத்து வார்டுக்காரர்களுடையது. ஓல்டு மெட்ராஸ் ரோட்டை மெட்ரோ தூண்களுக்கு நடுவே புகுந்து கடக்கும் வயசானவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பென்ஷன் பேப்பருக்காக அந்த வேலையை அவர்களுக்குக் கொடுக்க வேண்டாம்.

கூட்டம் இருக்கிற இடம்தான் நல்ல இடம் என்றும் நினைத்துவிடாதீர்கள். ரஸ்ஸல் மார்க்கெட்டில் எப்போதும் கூட்டம்தான். ஆனால் அது ஊர் முழுக்க வருகிற கூட்டம், அதில் உங்கள் வார்டு ஆள் எத்தனை பேர்? பார்க்க வேண்டியது, அந்த வார்டுக்காரர்கள் தினமும் எந்த வழியாகப் போய் வருகிறார்கள் என்பதுதான். ஸ்ரீராமபுரத்தில் ஒரு வழி இருக்கும், அல்சூரில் ஒன்று, மர்பி டவுனில் ஒன்று. நந்தினி பால் பூத், ரேஷன் கடை, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற தெரு. பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது தலையை நீட்டி ‘மூணு நாளா குப்பை வண்டி வரலை’ என்று சொல்லிவிட்டுப் போக முடிந்தால் அது நல்ல இடம். அதற்கென்று புடவை மாற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியிருந்தால் பாதிப் பேர் வர மாட்டார்கள்.

காலையில் பௌரகார்மிகர்கள், அதாவது துப்புரவுத் தொழிலாளர்கள், வருகைப் பதிவுக்காகக் கூடுகிற மஸ்டரிங் இடமும் கிட்டத்தில் இருந்தால் இன்னும் நல்லது. எத்தனை பேர் வந்தார்கள், மேஸ்திரி எத்தனை பேர் என்று எழுதினார், குடிக்கத் தண்ணீரும் ஒதுங்க இடமும் இருக்கிறதா என்று ஜன்னல் வழியாகவே தெரிந்துவிடும். முடிந்தால் உங்கள் கழிப்பறைச் சாவியை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது கொஞ்சம் கசப்பாக இருக்கும். வீட்டின் முன்னறையை ஆபீஸ் ஆக்காதீர்கள். கர்நாடகத்தில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. ஜெயிப்பது மனைவி, முன்னறையில் நாற்காலி போட்டுக்கொண்டு ‘சொல்லுங்க’ என்பது கணவர். இதை நான் ஒரு வார்டில் மட்டும் பார்க்கவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தவர்தான் கார்ப்பரேட்டர் என்பது எனக்கே அரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. ஆபீஸ் பொது இடத்தில் இருந்தால், அந்த நாற்காலியில் யார் உட்கார வேண்டுமோ அவர் உட்காருவதற்குக் கொஞ்சமாவது வழி பிறக்கும். கட்சி ஆபீசும் அப்படித்தான். வேறு சின்னத்துக்கு ஓட்டுப் போட்டவர்களும் உங்கள் வார்டுதான், அவர்கள் அந்தக் கொடிக்குக் கீழே நுழையத் தயங்குவார்கள்.

போர்டு கன்னடத்தில் இருக்கட்டும், அதுதான் முறை. உள்ளே தமிழோ உருதோ தெலுங்கோ காதில் வாங்குகிற ஒருவர் இருந்தால் போதும். எங்கள் பக்கம் பேப்பரைக் கன்னடத்தில் நீட்டி, வயிற்றெரிச்சலைத் தமிழில் கொட்டுகிறவர்கள் நிறைய. நேரம்? கூலி வேலையும் வீட்டு வேலையும் முடித்து வருகிறவர்களுக்காகச் சாயங்காலம் ஏழிலிருந்து ஒன்பது. ஃபைல்காரர்கள் பகலில் வரட்டும். இ-காத்தாவே ஆன்லைனுக்குப் போய்விட்டது, இனி அவர்களுக்கு உங்கள் படிக்கட்டு அவ்வளவு தேவைப்படாது.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்று மட்டும் செய்யுங்கள். வார்டின் கடைக்கோடிச் சந்தில் ஒரு பாட்டியின் வீட்டிலிருந்து அவரோடேயே அந்த இடத்துக்கு நடந்து வாருங்கள், ராத்திரி ஏழரை மணிக்கு. எங்கே நின்று மூச்சு வாங்குகிறார், எந்த மோரிக் கல்லைச் சுற்றிப் போகிறார் என்று பாருங்கள்.

எங்கள் பக்கத்தில் ஜெயிக்கப் போகிறவருக்கு ஒரு தகவல். பால் பூத்துக்கு எதிரே ஒரு ஷட்டர் ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடக்கிறது. முன்னால் இரண்டே படி. அதை இடித்துச் சரிவாகப் போட்டுத் தருவதாக என் மேஸ்திரி நண்பன் சொல்லியிருக்கிறான், சிமெண்ட் மட்டும் நீங்கள் வாங்கித் தர வேண்டும்.

இப்படிக்கு,
கண்டோன்மென்ட் பக்கத்து வாக்காளன்