பாப்பாவுக்கு ராஜகுமாரி கதை சொல்லலாமா?

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. போனில் இதைப் பேசத் தொடங்கினால் பாதியிலேயே உனக்கு அலுவலகத்திலிருந்து வேறு அழைப்பு வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

பாப்பாவுக்கு இனி ராஜகுமாரி கதை எதுவும் சொல்ல வேண்டாம் என்றாய். யாரோ ஒருவன் குதிரையில் வந்து தன்னைக் காப்பாற்றுவான் என்ற நினைப்போடு அவள் வளரக் கூடாது என்றாய். நீ பட்டதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். உன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் கதையை நிறுத்துவதற்கு என் மனம் ஒப்பவில்லை. ஏன் என்று சொல்ல ஒரு படத்தைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறேன். 2007-இல் டிஸ்னி எடுத்த 'என்சாண்டட்'.

அதில் வரும் ராபர்ட் உன்னைப் போலவே யோசிப்பவன். நியூயார்க்கில் விவாகரத்து வழக்குகளை நடத்தும் வக்கீல். மனைவி விட்டுப் போய்விட்டாள். மகள் மார்கனைத் தனியாக வளர்க்கிறான். அவளுக்கும் நம் பாப்பாவுக்கும் ஒரே வயது, ஆறு. அவள் ஆசைப்பட்டது தேவதைக் கதைப் புத்தகம். அவன் கொடுப்பதோ மேரி கியூரி, ரோசா பார்க்ஸ் போன்ற சாதனைப் பெண்களைப் பற்றிய புத்தகம். நல்ல புத்தகம்தான், யார் குறை சொல்ல முடியும்? ஆனால் தான் பட்ட காயத்தையும் சேர்த்து அட்டை போட்டு மகள் கையில் கொடுக்கிறான் என்றே எனக்குத் தோன்றியது.

அன்று இரவே அவன் வீட்டுக்கு ஒரு தேவதைக் கதை வந்து சேர்கிறது. கிஸெல் என்ற பெண் ஆண்டலேசியா என்ற கார்ட்டூன் நாட்டில் இருக்கிறாள். படத்தின் தொடக்கம் முழுவதும் பழைய டிஸ்னி படங்களைப் போலக் கையால் வரைந்த சித்திரம்தான். இளவரசன் எட்வர்டைச் சந்தித்த மறுநாளே கல்யாணம். எட்வர்டின் சிற்றன்னை நரிஸா, அரியணை பறிபோய்விடும் என்று பயந்து, கிழவி வேடத்தில் வந்து அவளைக் கிணற்றில் தள்ளிவிடுகிறாள். விழுந்தவள் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் பாதாளச் சாக்கடையின் மூடியைத் திறந்துகொண்டு, கல்யாண கவுனோடு, நிஜ மனுஷியாக வெளியே வருகிறாள். அந்த கவுன் ஏறத்தாழ 20 கிலோ எடையாம். அதைச் சுமந்துகொண்டு, கிஸெலாக நடித்த ஏமி ஆடம்ஸ் நடக்கிற நடையைப் பார், தைக்கத் தெரிந்தவளுக்கு நெஞ்சு பதறும்.

மறுநாள் காலை ராபர்ட்டின் வீடு குப்பையாகக் கிடப்பதைப் பார்த்து, காட்டில் பாடுவது போலவே ஜன்னலைத் திறந்து பாடுகிறாள். அங்கே மானும் முயலும் ஓடி வரும். இங்கே எலியும் புறாவும் கரப்பான்பூச்சியும் படையாக வந்து பாத்திரம் கழுவுகின்றன, குளியல்தொட்டி தேய்க்கின்றன! பாப்பா இந்த இடத்தில் கத்திச் சிரிப்பாள். அந்தப் பெண்ணுக்கோ கொஞ்சமும் அருவருப்பு இல்லை. வந்தவர்களைக் கொண்டு வேலையை முடிக்கிறாள். ராபர்ட் எழுந்து வந்து பார்த்தால் ஜன்னல் திரைகளில் கவுன் வடிவத்தில் ஓட்டை. அவள் அதை வெட்டித் தைத்து உடுத்தியாகிவிட்டது. அந்தக் கட்டத்தை நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கைத்தொழில் தெரிந்த பெண் எந்த ஊரில் விழுந்தாலும் எழுந்து நிற்பாள் என்ற தைரியம் எனக்கு அதில் கிடைத்தது. கடைசியில் அவள் தையல் கடை வைத்துப் பிழைக்கிறாள் தெரியுமா?

ஆனால் உனக்காக நான் குறித்து வைத்திருப்பது வேறொரு கட்டம். எட்வர்ட் வரப்போவதில்லை என்று ராபர்ட் அடித்துச் சொல்ல, அவளுக்குக் கோபம் வருகிறது. வாழ்க்கையிலேயே முதல் கோபம். கத்திக்கொண்டே வந்தவள், தனக்குக் கோபம் வந்திருக்கிறது என்று திடீரென்று உணர்ந்து சந்தோஷத்தில் சிரித்துவிடுகிறாள். ராஜகுமாரிக்குக் கோபப்படத் தெரிகிறது என்பதை ஒரு ஆறு வயதுப் பெண் பார்க்க வேண்டாமா? அடங்கிப் போ என்று ஊரே சொல்லப் போகிற பெண் குழந்தை, கோபம் வருவதில் தப்பில்லை என்று சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

நீ பயப்படுகிற முத்தம் இதிலும் உண்டு. விஷ ஆப்பிள், நள்ளிரவு மணி, எல்லாம் வருகிறது. ஆப்பிளைத் தின்று மயங்கிய கிஸெல், இளவரசனின் முத்தம் பலிக்காமல் ராபர்ட்டின் முத்தத்தில் கண் விழிக்கிறாள். ஆனால் படம் அங்கே முடியவில்லை. நரிஸா டிராகனாக மாறி ராபர்ட்டைத் தூக்கிக்கொண்டு வூல்வொர்த் என்ற வானளாவிய கட்டடத்தின் மேல் ஏறுகிறாள். செருப்பை உதறிவிட்டு, வாளை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறுகிறவள் கிஸெல். காப்பாற்றப்படுகிறவன் வக்கீல்!

கதை என்றால் கல்லில் வெட்டியது என்று நினைக்காதே, கண்ணம்மா. கிரிம் சகோதரர்கள் எழுதிய ஸ்னோ ஒயிட் கதையில் முத்தமே கிடையாது. கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிப் போகிறவர்கள் தடுக்கிவிட, அந்தக் குலுக்கலில் தொண்டையில் சிக்கியிருந்த ஆப்பிள் துண்டு வெளியே வந்துவிடும், அவ்வளவுதான். 1937-இல் டிஸ்னி படம் எடுத்தபோது அதை முத்தமாக்கினார்கள். எழுபது வருஷம் கழித்து அதே நிறுவனம் பெண் கையில் வாளைக் கொடுத்தது. சொல்கிறவர்கள் மாற்றியிருக்கிறார்கள், நீயும் மாற்றிச் சொல்லலாம், நானும் மாற்றுவேன். சொல்லாமலே விட்டால் பாப்பா பள்ளிக்கூடத்தில் யாரிடமாவது பழைய முடிவோடு கேட்டுக்கொள்வாள்.

படத்தில் எல்லாமே எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். ராபர்ட் கல்யாணம் செய்துகொள்ள நினைத்திருந்த நான்சியைக் கடைசியில் அவசர அவசரமாக எட்வர்டோடு சேர்த்துவைத்து ஆண்டலேசியாவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நல்ல பெண் அவள். உட்கார்ந்து அழவாவது அவளுக்கு ஒரு கட்டம் கொடுத்திருக்கலாம்.

முதலில் நீ தனியாகப் பார். மனம் ஒப்பினால் பாப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு முறை பார். டிராகன் வரும்போது மட்டும் மடியில் உட்கார்த்திக்கொள், அந்தக் கட்டம் அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் கதை கேட்பாள். நான் சொல்லலாமா என்று அதற்குள் ஒரு வரி எழுது. தீபாவளிப் பாவாடைக்குத் துணி எடுத்துவிட்டேன், அவளுடைய இடுப்பளவையும் உயரத்தையும் அதிலேயே குறித்து அனுப்பிவிடு.

அன்புடன்,
அம்மா