மர்ரலெட்டின் கிளையும் ஒரு வினைச்சொல்லும்

சியாட்டில்
2025 மே 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? எண்ணெய் தேய்ப்பதை விட்டுவிட வேண்டாம் என்று சொல்.

இந்த ஊரைப் பற்றி எழுதச் சொன்னாய். இங்கே இப்போது அக்கறை உள்ளவர்கள் எல்லோரும் பேசுவது ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றித்தான். அதைச் சொல்லுமுன் ஒரு பறவையைச் சொல்கிறேன்.

மார்பிள்டு மர்ரலெட் என்பது ஒரு சாண் நீளமுள்ள கடற்பறவை. மீன் பிடிப்பது கடலில், முட்டை இடுவது காட்டில். கரையிலிருந்து 80 கிலோமீட்டர் உள்ளேகூடப் போகும். கூடு கட்டத் தெரியாது. நூற்றைம்பது, இருநூறு வயதான டக்ளஸ் ஃபிர், ஹெம்லாக் மரங்களில் உயரத்தில் பாசி மெத்தையாகப் படர்ந்த அகலக் கிளை வேண்டும். அந்தப் பாசியை அழுத்திக் குழியாக்கி ஒற்றை முட்டை இடும். தாயும் தந்தையும் நாள் மாற்றி நாள் அடைகாக்கும். 1974 வரை இந்த நாட்டில் அதன் கூட்டை ஆராய்ச்சியாளர்கள் யாரும் கண்டதில்லை. கலிஃபோர்னியாவில் மரம் ஏறும் தொழிலாளி ஒருவர் தற்செயலாகக் கண்டார்.

இதை யாரும் சுடுவதில்லை, கண்ணி வைப்பதுமில்லை. பறவை கடலில் இருக்கும் குளிர்காலத்தில் மரத்தை வெட்டிவிட்டால் போதும். வசந்தத்தில் திரும்பி வரும்போது கிளை இருக்காது. அப்படிப்பட்ட கிளை மறுபடி உருவாக நூறாண்டுக்கு மேல் ஆகும். பக்கத்தில் கொஞ்சம் காட்டை விட்டுவைத்தாலும் போதாது. வெட்டிய ஓரங்களில் காக்கையும் ஜே பறவையும் பெருகி முட்டையைத் தின்றுவிடும். உங்கள் வால்பாறை இருவாச்சி மரப்பொந்தை நம்பி இருக்கிறதே, அதே கதைதான்.

இனி அந்த வினைச்சொல். 1973இல் வந்த அமெரிக்காவின் அழியும் நிலையிலுள்ள உயிரினங்கள் சட்டம் செய்யக்கூடாதவை என்று பத்து வினைகளைச் சொல்கிறது: துன்புறுத்துவது, தீங்கு செய்வது, துரத்துவது, வேட்டையாடுவது, சுடுவது, காயப்படுத்துவது, கொல்வது, கண்ணியில் பிடிப்பது, கைப்பற்றுவது, சேகரிப்பது. சண்டை முழுவதும் ‘தீங்கு செய்வது’ என்ற இரண்டாவது சொல்லில். இனப்பெருக்கம், இரை, தங்குமிடம் ஆகியவற்றைக் கெடுத்து விலங்கு உண்மையிலேயே சாகும்படியோ காயப்படும்படியோ வாழிடத்தை அழிப்பதும் தீங்குதான் என்று 1975இல் விதி எழுதினார்கள், 1981இல் அதைத் திருத்தி இறுக்கினார்கள். மரத்தொழிலை நம்பிய குடும்பங்களும் கம்பெனிகளும் வழக்குப் போட்டார்கள். வேலை போய்விடுமோ என்ற அவர்கள் பயம் பொய்யானதல்ல. ஆனாலும் 1995இல் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று விதியை ஏற்றது.

ஏப்ரல் 17 அன்று இரண்டு அரசுத் துறைகள், வனவிலங்குக்கு ஒன்று, கடல் மீன்வளத்துக்கு ஒன்று, தீங்குக்கு விதி தரும் அந்த விளக்கத்தையே நீக்கப்போவதாக அறிவித்தன. மற்ற ஒன்பது சொற்களும் விலங்கின் மேல் நேரே கை வைப்பதைத்தான் குறிக்கின்றன, அதனால் இதுவும் அப்படியே என்பது அவர்கள் வாதம். 1995 தீர்ப்பில் மாறுபட்ட மூன்று நீதிபதிகளின் கருத்து அது. சட்டத்தில் தெளிவில்லாத சொல்லுக்கு அரசுத் துறை சொல்லும் பொருளை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொள்ளும் வழக்கம் 2024இல் முடிவுக்கு வந்ததால் அந்தத் தீர்ப்பே பலவீனப்பட்டது என்கிறார்கள்.

எனக்கு இது சரியாகப் படவில்லை. 1982இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, வேறு வேலை செய்யும்போது தற்செயலாக நேரும் பாதிப்புக்கு அனுமதிச் சீட்டு வாங்கும் வழியை வைத்தது. தற்செயலாக யாராவது வேட்டையாடுவார்களா? மறைமுகக் கேட்டையும் சட்டம் மனதில் வைத்திருந்ததால்தான் அந்த வழி. அந்த அனுமதிக்கு ஈடாகத்தான் நிலக்காரர்கள் வாழிடப் பாதுகாப்புத் திட்டம் எழுதித் தருகிறார்கள். இந்த வாஷிங்டன் மாநில அரசுக் காடுகளுக்கும் 1997 முதல் அப்படி ஒன்று உண்டு. மரம் வெட்டுவது தீங்கே இல்லை என்றானால், இனி யார் அந்த அனுமதி கேட்டு வருவார்கள்?

கருத்துச் சொல்ல மே 19 வரை, ஒரு மாதம்தான் கொடுத்திருக்கிறார்கள். மக்கள் எதிர்ப்பு இப்போது அந்த வழியில்தான் போகிறது. அரசின் விதிகள் இணையதளத்தில் இந்த அறிவிப்பின் கோப்பு எண்ணைத் தேடி, கருத்துப் பெட்டியில் 5000 எழுத்துக்குள் எழுத வேண்டும், மீறினால் கோப்பாக இணைக்கலாம். தபாலிலும் அனுப்பலாம். குடியுரிமை கேட்பதில்லை, விசாவில் இருப்பவரும் எழுதலாம். எழுதியது அப்படியே பொதுவில் வெளியாகும், அதனால் முகவரி, தொலைபேசி எண்ணை உள்ளே எழுதிவிடக் கூடாது. அனுப்பியதும் வரும் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தப்பு நடப்பது பெரும்பாலும் உள்ளடக்கத்தில். கல்யாணப் பத்திரிகை போல ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் அனுப்பினால் அதை ஒரே வாதமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். கோபத்தை மட்டும் கொட்டினால் பதில் சொல்ல எதுவும் இல்லை. முக்கியமான ஆட்சேபத்துக்குத் துறை பதில் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் விட்டால் நீதிமன்றம் விதியைத் தள்ளுபடி செய்ய முடியும். அந்த நீதிமன்றம் பார்ப்பதோ இந்தக் கருத்துகள் எல்லாம் சேரும் அரசுக் கோப்பில் இருப்பதைத்தான். இப்போது எழுப்பாத கேள்வியைப் பிறகு எழுப்புவது கடினம். அதனால் இன்ன பறவை, இன்ன காடு, இன்ன அனுமதித் திட்டம் என்று பெயர் சொல்லி, அதற்கு என்ன ஆகும் என்று கேட்பதே பலன் தரும்.

2020இல் நம் நாட்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு நினைவிருக்கிறதா? தமிழில் வேண்டும் என்று கேட்கவே நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. இங்கே மொழி அப்படித் தடையாக இல்லை, நாள்தான் குறைவு.

இந்த மாதம் மர்ரலெட் கணக்கெடுப்பும் நடக்கும். சூரிய உதயத்துக்கு 45 நிமிடம் முன்பே பயிற்சி பெற்றவர்கள் காட்டில் நின்று, மர உச்சிக்குக் கீழே பறவை பறக்கிறதா என்று பார்ப்பார்கள். உதயமாகி 75 நிமிடம் வரை. இரண்டு பருவம் பார்த்த பிறகுதான் ஓரிடத்தில் பறவை இல்லை என்று எழுதுவார்கள்.

உங்கள் பக்கம் இருவாச்சிக் குஞ்சு பொந்தை விட்டு வெளியே வந்திருக்குமே? பார்த்தால் எழுது.

அன்புடன்,
அக்கா