தம்பிக்கு, காளையார்கோவிலிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் நலம். பணம் ஐந்தாம் தேதியே வந்துவிட்டது. மூன்று மாதமாகப் பணம்தான் வருகிறது, போனைக் காணோம். வேலை அதிகம்போல. வேளாவேளைக்குச் சாப்பிடு. விசா தாளெல்லாம் பத்திரமாக வைத்துக்கொள்.

அக்கா மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் நம்மூர்ப் போரைப் பற்றி எழுதிவரச் சொன்னார்களாம். கோவில் குளம் ஆனைமடுப் படியில் உட்கார வைத்து, உனக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன். 1801இல் கும்பெனிப் படை சிறுவயலிலிருந்து காட்டை வெட்டி வழி போட்டு, ஒரு மாதம் மல்லுக்கட்டியும் ஆகாமல் திரும்பியது. அப்புறம் அக்டோபர் 1ஆம் தேதி பல பக்கமாக வந்து ஊரைப் பிடித்தது. கோபுரத்தை இடிப்போம் என்று மிரட்டித்தான் மருதிருவரைப் பிடித்தார்கள் என்பது ஊர்ப்பேச்சு என்றும் சொன்னேன். அதற்காக எட்டாவது படிக்கும்போது என்னோடு சண்டை போட்டாயே! அவளும் போட்டாள். உன் பிடிவாதம் அப்படியே இருக்கிறது.

"அவங்களுக்குப் பிள்ளைங்க இல்லையா தாத்தா?" என்றாள். அக்டோபர் 24 திருப்பத்தூரில் தூக்கிலிட்டதைச் சொல்லி, சின்ன மருது மகன் துரைச்சாமி சிறுவன் என்பதால் தப்பினான், 1802இல் மற்றவர்களோடு கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள் என்றேன். "மாமா இருக்கிற பினாங்கா?"

எனக்கு வாய் வரவில்லை தம்பி. உன்னைக் கப்பலேற்ற எந்தக் கும்பெனியும் வரவில்லை. சம்பாதிக்காத பிள்ளைக்கு இந்த வீட்டில் சோறில்லை என்று பங்காளிகள் முன்னால் சொன்னேன். நீ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாய். கிளம்பிய அன்று பஸ் ஏற்றிவிடக்கூட வராமல் கொல்லையில் நின்றேன். ஆறு வருஷமாகிறது. அம்மா ஒருநாள்கூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

உன் பணத்தில்தான் கூரையை எடுத்துவிட்டு ஓடு போட்டோம். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். ஆனால் அம்மா கேட்டால், நேற்றுதான் பேசினான் என்று பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ பழைய கடையில் இல்லை என்று ஒருவர் சொன்னார். நான் மேலே கேட்கவில்லை. இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. விசா தாளை மட்டும் யாரிடமும் கொடுத்துவைக்காதே.

அக்டோபர் 27ஆம் தேதி மருதிருவர் குருபூஜை, ஊர் கூட்டமாக இருக்கும். அதற்கு முன்னால் வருகிறதென்றால் சொல், டிக்கெட்டுக்கு நான் அனுப்புகிறேன். அடுத்த மாதம் பணம் வேண்டாம். போன் போடு. இரவானாலும் பரவாயில்லை, விழித்துத்தான் இருப்பேன்.

சாப்பிடு.

அப்பா