துருப்பிடித்ததற்கு அல்ல, துரு நிற்காததற்கு

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: எங்கள் வீட்டின் முன்சுவரில் நீங்கள் பொருத்திய கோர்ட்டன் ஸ்டீல் கிளாடிங்கில் (சுவரை மூடும் துருநிற இரும்புத் தகடுகளில்) உள்ள குறைகள் – இரண்டாவது புகார்.

ஐயா,

என் முதல் புகாருக்கு நீங்கள் அனுப்பிய பதில் இரண்டே வரி. "இது துரு அல்ல, பாட்டினா. இதுதான் இந்தப் பொருளின் அழகு." கூடவே சிரிக்கிற முகம் ஒன்று. பாட்டினா என்றால், நாளடைவில் உலோகத்தின் மேல் படியும் நிறப்படலம்.

துருப்பிடிக்கும் என்று தெரிந்துதான் இதை வாங்கினேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் வாசலில் நின்று "பெயிண்ட் எப்போ அடிக்கப் போறீங்க?" என்று கேட்பார்கள். சளைக்காமல் பதில் சொல்லி அனுப்பியிருக்கிறேன். என் புகார் துருப்பிடித்தது பற்றியே அல்ல, துரு நிற்காமல் போய்க்கொண்டே இருப்பது பற்றி. உங்கள் பதிலை எழுதியவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஷோரூமில் நான்கு மாதிரிகள் காட்டினீர்கள். முதலாவது, ஜப்பான்காரர்கள் யாகிசுகி என்று சொல்கிற, மேற்புறத்தைத் தீயில் கருக்கிய மரப்பலகை. தொட்டதும் விரலில் கரி ஒட்டியதால் என் மனைவி வேண்டாம் என்றுவிட்டார். அடுத்தது தக்கைப் பலகை. சூடான நீராவி பட்டதும் தக்கை உப்பி, தன் பிசினிலேயே தானாக ஒட்டிக்கொள்ளும், தனியாகப் பசை தேவையில்லை என்று உங்கள் ஆள் ஆர்வமாக விளக்கினார். உண்மையைச் சொன்னால் அது எனக்குப் பிடித்திருந்தது. மூன்றாவது பாலிகார்பனேட் என்கிற பிளாஸ்டிக் ஷீட். நான்காவதுதான் கோர்ட்டன். "பொருத்திட்டு மறந்துடலாம் சார், மெயின்டனன்ஸே கிடையாது" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எடுத்தேன்.

பொருத்தி மூன்று வருடம் ஆகப்போகிறது. மறக்கத்தான் முடியவில்லை.

சாதாரண இரும்பில் துரு பொருக்குப் பொருக்காக உதிரும். உதிர உதிர உள்ளே இருக்கும் புது இரும்பு வெளியே வந்து அதுவும் துருப்பிடிக்கும். கோர்ட்டனில் செம்பு, குரோமியம், நிக்கல், பாஸ்பரஸ் எல்லாம் சிறிய அளவில் கலந்திருப்பதால் துரு இறுக்கமாகப் படிந்து, தனக்குக் கீழே இருக்கும் இரும்பைத் தானே காக்கும். 1933-இல் அமெரிக்காவின் யு.எஸ். ஸ்டீல் இந்தப் பெயரைப் பதிவு செய்தபோது யாரும் இதை வீட்டுச் சுவருக்கு என்று நினைக்கவில்லை. ரயில் சரக்குப் பெட்டிகள் செய்யத்தான் பயன்படுத்தினார்கள். கட்டடத்துக்குக் கொண்டுவந்து பேர் வாங்கிக் கொடுத்தவர் கட்டடக் கலைஞர் ஈரோ சாரினென். அமெரிக்காவின் இல்லினாயில் உள்ள, டிராக்டர் செய்யும் ஜான் டியர் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு அவர் இதைத் தேர்ந்தெடுத்தார். 1964-இல் திறக்கப்பட்ட கட்டடம் அது.

ஆனால் இந்தக் காவல் சும்மா கிடைப்பதில்லை. தகடு நனைய வேண்டும், பிறகு நன்றாகக் காய வேண்டும், மறுபடி நனைய வேண்டும். இப்படி மாறி மாறி நடந்தால்தான் அந்த இறுக்கமான படலம் உருவாகும். எப்போதும் ஈரமாகவே கிடந்தால் கோர்ட்டனும் சாதாரண இரும்பு மாதிரிதான் அரித்துப்போகும். கோர்ட்டன் விற்கிற உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தும் எங்கள் வீட்டில் செய்திருப்பதைப் பாருங்கள்.

ஜன்னலுக்குக் கீழே ஓடும் பட்டையின் மேல் விளிம்பை உள்பக்கமாக மடித்து, மறுபடி மேலே திருப்பியிருக்கிறீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் கோடு பிடித்த மாதிரி நேராக, அழகாகத்தான் இருக்கிறது. ஏணி போட்டு ஏறி மேலிருந்து பார்த்தால் அது ஒரு தொட்டி. மழை நின்று நான்கு நாள் கழித்து அதில் விரலை விட்டேன். ஆரஞ்சு நிறச் சேறு கணுவரை ஒட்டிக்கொண்டு வந்தது, அடியில் தண்ணீர். விளிம்பை வெளிப்பக்கம் சற்றே சாய்த்திருந்தாலோ, அடியில் நான்கு துளை போட்டிருந்தாலோ போதும், தண்ணீர் வடிந்திருக்கும்.

அடுத்தது காற்றுவெளி. நீங்கள் கையெழுத்திட்ட வரைபடத்தில் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே 40 மி.மீ. இடைவெளி இருக்கிறது. தகட்டின் பின்பக்கம் காய்வதற்கு அதுதான் வழி. பக்கவாட்டு ஓரத்தில் ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துப் பார்த்தேன், போகவில்லை. (கார்டு உங்கள் விற்பனைப் பிரதிநிதி கொடுத்ததுதான்.) சட்டம் எதுவும் அடிக்காமல், பூச்சுச் சுவரில் நேராகத் தகட்டை வைத்து முடுக்கியிருக்கிறார்கள். தகட்டின் முன்பக்கம் வெயில் பட்டு ஒரு மணி நேரத்தில் காய்கிறது. பின்பக்கம் என்றைக்குக் காய்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அடிவரிசைத் தகடுகளோ ஒரு சாண் ஆழம் கூழாங்கல்லுக்குள் புதைந்து கிடக்கின்றன. அதைப் பற்றித் தனியாக ஒரு பத்தி எழுதத் தேவையில்லை.

ஸ்க்ரூ கதை இன்னும் மோசம். கொட்டேஷனில் 'எஸ்.எஸ். ஸ்க்ரூ', அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ என்று எழுதியிருக்கிறது. சுவரில் இருப்பதெல்லாம் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஸ்க்ரூ. துத்தநாகமும் இரும்பும் ஒட்டிக்கொண்டு ஈரத்தில் கிடந்தால் முதலில் துத்தநாகம்தான் கரையும். இவ்வளவு பெரிய தகட்டுக்கு நடுவே அவ்வளவு சின்ன ஸ்க்ரூ எத்தனை நாள் தாங்கும்? முதல் வருடம் ஸ்க்ரூத் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்தது. போன மாதம் ஒன்றைக் கையாலேயே திருகிக் கழற்றிவிட்டேன். அதை ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், வரும்போது பார்க்கலாம். தலைக்கு மேலே தொங்குகிற கனமான தகட்டை இப்படி ஒரு ஸ்க்ரூதான் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு, அந்தப் பக்கம் குழந்தைகளை விளையாட விடுவதில்லை.

'பாட்டினா' என்ற உங்கள் பதிலுக்கு வருகிறேன். துரு நன்றாகப் படிந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒட்டும் டேப்பைத் தகட்டின் மேல் அழுத்தி ஒட்டி உரித்துப் பார்க்க வேண்டும். படலம் சரியாக இருந்தால் டேப்பில் பொடி மாதிரி கொஞ்சம்தான் வரும். வெயிலும் மழையும் தாராளமாகப் படுகிற நடுச்சுவரில் செய்து பார்த்தேன். வெறும் தூள், தகடும் நல்ல அடர்ந்த பழுப்பு நிறம். அதைப் பார்க்கும்போது இதை வாங்கியதில் இன்றும் எனக்கு வருத்தம் இல்லை. ஜன்னல் தொட்டிக்குக் கீழே அதே டேப்பை ஒட்டி உரித்தேன். கட்டைவிரல் நகம் அளவு பொருக்குகள், அடுக்கடுக்காக. கூழாங்கல் ஓரத்தில் டேப்பே தேவைப்படவில்லை, தட்டியதும் கொட்டியது. ஒரே நாளில் வந்த தகடு, ஒரே மழை. காய முடிந்த இடத்தில் நன்றாக இருக்கிறது, நீங்கள் காயவிடாத இடத்தில் அரித்துப்போகிறது. மூன்று இடத்து டேப்பையும் வெள்ளைத்தாளில் ஒட்டி, படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

இது ஏதோ எனக்கு மட்டும் வந்த கவலை இல்லை. அட்லாண்டாவில் 1972-இல் திறந்த ஓம்னி அரங்கத்துக்கும் இதே வகை ஸ்டீல்தான். அந்த ஊர் ஈரத்தில் துரு நிற்கவே இல்லை, தகடுகளில் ஓட்டை விழுந்தது. 1997-இல் அந்த அரங்கத்தை இடித்துவிட்டார்கள். அத்தனை பெரிய கட்டடத்துக்கே அந்தக் கதி என்றால் என் ஜன்னல் பட்டை எம்மாத்திரம்?

வாசல் நடைபாதைக் கல்லில் படிந்த கறையைப் பற்றியும் முதல் கடிதத்தில் எழுதியிருந்தேன். ஆரம்ப வருடங்களில் துருநீர் வழியும் என்பது தெரிந்த விஷயம். பிட்ஸ்பர்க்கில் யு.எஸ். ஸ்டீல் தனக்கே கட்டிக்கொண்ட கோபுரத்தைச் சுற்றியுள்ள நடைபாதைகளும் கறை படிந்தவைதான். அதனால்தான் வெளிர்நிறக் கல் போடலாமா என்று உங்கள் டிசைனரிடம் முன்கூட்டியே கேட்டேன். "தாராளமா போடுங்க" என்றார். போட்டேன். அமிலம் போட்டுத் தேய்த்தால் கல் போகிறது, கறை போகவில்லை.

மாடிப்படிக்கு நீங்களே பொருத்திய பாலிகார்பனேட் ஷீட் பற்றியும் ஒரு வார்த்தை. இது ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி சூட்டுக்கு, சுமார் 0.065 மி.மீ. நீளும். 3 மீட்டர் ஷீட், வெப்பம் 40 டிகிரி ஏறி இறங்கினால் ஏறக்குறைய 8 மி.மீ. நகர வேண்டும். ஸ்க்ரூ அளவுக்கே துளை போட்டு இறுக்கிவிட்டால் அது எங்கே நகரும்? மதியத்தில் 'டக் டக்' என்று சத்தம் போடுகிறது, இரண்டு துளைகளைச் சுற்றி விரிசல் விட்டிருக்கிறது. வெயில் தாங்கும் பூச்சு உள்ள பக்கம் வெளியே பார்த்துத்தான் இருக்கிறதா என்பதையும் நேரில் வந்து சொல்லுங்கள். ஷீட் மஞ்சளிக்கிற வேகத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

சரி, நான் கேட்பது இதுதான். மொத்தத்தையும் பிரித்துப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லவில்லை. அரித்துப்போன ஜன்னல் பட்டையையும் அடிவரிசையையும் உங்கள் செலவில் மாற்றுங்கள். புதிய பட்டைக்கு வெளிப்பக்கச் சரிவும், தண்ணீர் வடியத் துளையும் வேண்டும். மீதித் தகடுகளைக் கழற்றி, வரைபடத்தில் உள்ள 40 மி.மீ. விட்டு, எஸ்.எஸ். ஸ்க்ரூவும் நடுவே உலோகம் உலோகத்தைத் தொடாதபடி வாஷரும் போட்டு மறுபடி பொருத்துங்கள். கறை படிந்த கற்களையும், விரிசல் விட்ட ஷீட்டையும் மாற்றித் தாருங்கள். அப்புறம், தகட்டுக்கு ஸ்டீல் ஆலை கொடுத்த பரிசோதனைச் சான்றிதழின் நகல் வேண்டும். செம்பும் குரோமியமும் எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். மூன்று முறை கேட்டுவிட்டேன், மூன்று முறையும் புது கேட்டலாக்தான் வந்தது.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலமாகப் பதில் தேவை. வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்புக்குப் போவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை. வரைபடம், கொட்டேஷன், படங்கள் எல்லாம் தயாராக இருக்கின்றன.

போன தடவை நீங்கள் அனுப்பியவர் கேட்டுக்கு வெளியே நின்றபடியே நான்கு போட்டோ எடுத்து, "சூப்பரா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தத் தடவை மேலே ஏறிப் பார்க்கிற ஆளாக அனுப்புங்கள். ஏணி என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்

இணைப்பு: டேப் சோதனைப் படங்கள், கையெழுத்திட்ட வரைபடத்தின் நகல், கொட்டேஷன் நகல்.