44 குதிரையிலிருந்து 70-க்கு: பள்ளத்தூர் வீட்டுக் கார் இன்ஜினைப் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நலம்; நலமறிய அவா. பள்ளத்தூர் வீட்டு வண்டிக் கொட்டகையில் வைத்து இன்ஜினை இறக்கி, காரைக்குடிப் பட்டறைக்குக் கொண்டுவந்து மூன்று வாரம் ஆகிறது. சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "நூறு குதிரை வருமா, அண்ணே?" வரும், ஆனால் வேண்டாம் என்று அன்று சொல்லி வைத்துவிட்டேன். ஏன் வேண்டாம் என்பது தொலைபேசியில் சொல்லி மாளாது. இதே வகை இன்ஜினை வைத்துக்கொண்டு இதே கேள்வியோடு என்னிடம் வருகிறவர்கள் வேறு சிலரும் இருப்பதால், அவர்களும் படிக்கும்படி இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

உங்கள் ஐயா பினாங்கிலிருந்து கொண்டுவந்த இந்தக் கார்மன் கியா 1968-ஆம் ஆண்டு வண்டி. அதன் உருவம் இத்தாலியின் டூரின் நகரில் இருந்த கியா நிறுவனத்தின் கைவண்ணம். உடலைக் கட்டியது ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக்கில் கார்மன். அடியில் இருப்பதெல்லாம் வோக்ஸ்வாகன் பீட்டில். இன்ஜின் 1493 சிசி. சிலிண்டரின் விட்டமான போர் 83 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரமான ஸ்ட்ரோக் 69 மில்லிமீட்டர், கலவையை நெருக்கும் விகிதமான கம்ப்ரஷன் 7.5, நிமிடத்துக்கு 4000 சுற்றில் 44 குதிரைத்திறன். பந்தயக் கார் போன்ற தோற்றத்துக்கு இது குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். 1948-இல் ஆஸ்திரியாவின் க்முண்ட் ஊரில் போர்ஷே தன் முதல் காரைச் செய்தபோதும் எடுத்துக்கொண்டது இந்தக் குடும்பத்து இன்ஜினைத்தான். 1131 சிசியில் 25 குதிரை கொடுத்துக்கொண்டிருந்ததை 35-க்கு ஏற்றினார்கள். ஆகவே நீங்கள் கேட்பது புதிய ஆசை அல்ல.

முதலில் பிரித்துப் பார்த்ததைச் சொல்கிறேன். மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு விளிம்பில் கருகிப் பிளந்திருக்கிறது. அந்தப் பக்கத்து ஹெட்டில் (சிலிண்டர்களின் மேல்மூடியில்) ஸ்பார்க் பிளக் துளைக்கும் வால்வு சீட்டுக்கும் நடுவே மயிரிழை விரிசல். ஹெட்டை இழுத்துப் பிடிக்கும் நீண்ட மரைக் கம்பிகளான ஸ்டட்டுகளில் இரண்டு, மரையோடு பிய்த்துக்கொண்டு இன்ஜினின் நடுக்கூடான கிராங்க் கேஸிலிருந்து மேலே வந்துவிட்டன. பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்கின் முன்பின் ஆட்டம் 0.07 முதல் 0.13 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். டயல் கேஜ் 0.35 காட்டியது. இவற்றில் கடைசியானது வயதின் தேய்மானம். மற்ற மூன்றும் சூட்டின் வேலை.

இது தண்ணீரால் அல்ல, காற்றால் குளிரும் இன்ஜின். சூடு எங்கிருந்து வந்தது என்பதற்குத் தேட வேண்டியிருக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர்ப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்ததாக நீங்கள் சொன்னீர்கள் அல்லவா? அங்கே பேரல்களுக்கு (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் குழாய்களுக்கு) அடியில் இருக்க வேண்டிய காற்றுத் தகடுகளைக் கழற்றிவிட்டு, "திறந்திருந்தால்தான் குளிரும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். விசிறிக் கூட்டுக்குள் இருக்கும் மடல்களையும், அவற்றை இயக்கும் தெர்மோஸ்டாட்டையும் காணவில்லை. இன்ஜின் அறையின் ஓரத்தைச் சுற்றிய ரப்பர் பட்டையும் இல்லை. இவற்றில் எதுவும் அலங்காரமோ, குளிர்நாட்டுக்கு மட்டும் வைத்ததோ அல்ல.

உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பில் நின்று பார்த்தால் நடு முற்றமான வளவைத் தாண்டி, இரண்டாம் கட்டைத் தாண்டி, பின்தெருக் கதவு வரை ஒரே நேர்க்கோட்டில் தெரியும். சித்திரை மாதத்திலும் வளவில் உட்கார முடிவதற்குக் காரணம், காற்று எங்கே நுழைந்து எந்த வழியாகப் போக வேண்டும் என்பதைச் சுவர்களும் கதவுகளும் தீர்மானிப்பதுதான். நடுச்சுவரை இடித்துவிட்டால் காற்று அதிகமாகாது, சிதறிவிடும். இந்த இன்ஜினில் டைனமோவின் தண்டில் பூட்டிய விசிறி, கிராங்கைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் சுற்றிக் காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. அந்தக் காற்று பேரலின் மேற்புறத்தை மட்டும் தொட்டுவிட்டு இடைவெளியில் நழுவி விழாமல், துடுப்புகளைச் சுற்றி அடிவயிறு வரை தழுவிப் போகச் செய்பவை அந்தக் கீழ்த் தகடுகள். மடல்களோ, முழுவதும் திறந்த நிலையில் காற்றை ஹெட்டுகளின் பக்கம் திருப்பிவிடும் வேலையையும் செய்கின்றன. ரப்பர் பட்டை, கீழே இறங்கிய சூடான காற்றை மறுபடி மேலே உறிஞ்ச விடாமல் தடுக்கிறது.

மூன்றாம் சிலிண்டர் மட்டும் கருகியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆயில் கூலர் விசிறிக் கூட்டுக்குள்ளேயே, அந்தச் சிலிண்டருக்குப் போகும் காற்றின் வழியை மறித்து நிற்கிறது. அதாவது, ஆயிலைக் குளிர்வித்துச் சூடான காற்றுதான் மூன்றாம் சிலிண்டருக்குக் கிடைக்கிறது. 1971 மாடலிலிருந்து வோக்ஸ்வாகனே கூலரை வெளியே தள்ளி, தனிக் காற்றுவழி கொடுத்து, விசிறியையும் அகலமாக்கியது. அந்தக் கூட்டை நம் இன்ஜினுக்கும் மாற்றலாம். குதிரைத்திறனுக்கு ஒரு ரூபாய் செலவழிக்கும் முன்பே நான் செய்யப்போகும் வேலை அது.

இனி உங்கள் நூறு குதிரைக்கு வருகிறேன். எரியும் பெட்ரோலின் சக்தியில் சுமார் கால் பங்குதான் சக்கரத்துக்குப் போகிற வேலையாகிறது. மற்றது புகையோடும், துடுப்புகள் வழியாகவும், ஆயில் வழியாகவும் சூடாக வெளியேறுகிறது. 44 குதிரை 100 ஆனால், முழு மிதியில் வெளியேற வேண்டிய சூடும் இரு மடங்குக்கு மேல் ஆகும். விசிறியோ கிராங்கின் வேகத்தோடு கட்டுண்டது. நீங்கள் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் அதே சுற்றில் அதே காற்றைத்தான் தரும். அதோடு, ஹெட் 200 டிகிரியில் இருக்கிறது என்றால், ஜெர்மனியின் 15 டிகிரிக் காற்றுக்கும் அதற்கும் வேறுபாடு 185 டிகிரி. நம் அக்கினி நட்சத்திரத்தின் 40 டிகிரியில் அது 160 ஆகிவிடுகிறது. காற்றின் அடர்த்தியும் சுமார் 8 விழுக்காடு குறைகிறது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சூடு என்பது இன்ஜினிடம் இருக்கும் சக்தியைப் பொறுத்தது அல்ல, நீங்கள் எடுத்துக்கொள்ளும் சக்தியைப் பொறுத்தது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாகப் போகும் வரை பெரிய இன்ஜினும் சிறிய இன்ஜினும் ஏறக்குறைய ஒரே அளவுதான் சுடும். ஆனால் நூறு குதிரையைக் கேட்டு வாங்கிய ஒருவர், திருச்சி சாலையின் நேர்நீட்டத்தில் அதைத் தொடாமல் வருவார் என்று நான் நம்பத் தயாராக இல்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆகவே என் கணக்கு எழுபது. அதற்கு மூன்று பேரல் அளவுகள் முன்னால் இருக்கின்றன. 87 மில்லிமீட்டர் பேரலை எதையும் குடையாமல் அப்படியே சொருகலாம். 1641 சிசி வரும். மலிவு, எளிது, ஆனால் சுவர் மிக மெல்லியது. சூட்டில் வட்டம் கோணி ரிங் ஓரத்தில் காற்று ஒழுகும். 94 மில்லிமீட்டரில் 1915 சிசி வரும். நீங்கள் கேட்ட நூறு அங்கேதான் இருக்கிறது. அதற்குக் கேஸிலும் ஹெட்டிலும் நிறைய உலோகத்தைக் குடைந்தெடுக்க வேண்டும். பேரல் உட்காரும் விளிம்பு குறுகிப்போகும். நான் தேர்ந்தெடுப்பது 90.5. 1775 சிசி வரும். இதற்கும் குடைய வேண்டியதுதான், ஆனால் மூன்றிலும் தடித்த சுவர் இதற்கே. உருண்டையாகவே நிற்கும் பேரல் எனக்கு முக்கியம்.

குடைகிற வேலையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தக் கேஸ் மக்னீசியக் கலவை. அலுமினியத்தைவிடவும் எடை குறைந்தது. ஒரு பாதியைக் கையில் எடுத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். சூட்டில் இது எஃகைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் விரியும். கேஸும் பேரலும் ஹெட்டும் விரியும்போது எஃகு ஸ்டட் அதே அளவுக்கு நீளாமல் இழுத்துப் பிடிப்பதால்தான், மென்மையான மரை பிய்ந்துகொண்டு வருகிறது. பதினாறு துளைகளிலும் எஃகு மரைப் புதைகளைப் போட்டுவிட்டு, 10 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்குப் பதிலாக, பிற்கால இன்ஜின்களில் வந்த 8 மில்லிமீட்டர் ஸ்டட்டைப் பூட்டுவேன். மெல்லிய ஸ்டட் ரப்பர் போலச் சற்று நீண்டு கொடுக்கும். அதை 2.5 கிலோகிராம்-மீட்டர் முறுக்குவிசைக்கு மேல் முறுக்கக் கூடாது. பழைய தடித்ததற்கு 3.2. லேத்தில் மக்னீசியச் சுருள் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது, தீ இன்னும் சீறும். உலர்ந்த மணல் வாளி பக்கத்தில் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்குகிற பட்டறையிடம் நான் கேஸைக் கொடுப்பதில்லை. கோயம்புத்தூரில் எனக்குப் பழக்கமான ஒரு மெஷின் ஷாப்பில் லைன் போரிங்கையும் (கிராங்க் உட்காரும் துளைகளை ஒரே கோட்டில் குடைவதையும்) சேர்த்துச் செய்து தருவார்கள்.

கம்ப்ரஷனை 8.0-இல் நிறுத்துகிறேன். இதை ஊகத்தில் வைக்க முடியாது. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 443.9 சிசி. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது பேரல் விளிம்புக்குக் கீழே 1.3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால், அங்கே 8.4 சிசி. ஹெட்டின் குழிவில் 55 சிசி இருந்தால் மொத்தம் 63.4, கணக்கு சரியாக 8.0. கல்லூரி ஆய்வகத்தில் இருப்பது போன்ற ஒரு பியூரெட்டில் மண்ணெண்ணெய் விட்டு நான்கு குழிவுகளையும் அளந்து, குறைவானதைத் தேய்த்துச் சமன் செய்வேன். பேரலுக்கடியில் வைக்கும் மெல்லிய வளையத் தகடான ஷிம்மால் இடைவெளியைச் சரிசெய்வேன். அந்த இடைவெளியை அதிகமாக விட்டுக் கம்ப்ரஷனைக் குறைப்பது சோம்பேறித்தனம்; எரிதல் கெட்டு, ஹெட் இன்னும் சுடும்.

ஹெட்டுகள் புதிதாக, பிந்தைய 1600 இன்ஜினின் இரட்டை வழி வகையாக (ஒவ்வொரு சிலிண்டருக்கும் கலவை நுழையத் தனி வழி உள்ளதாக) இருக்கட்டும். வால்வு அளவை, கலவை நுழைவதற்கு 35.5, புகை வெளியேறுவதற்கு 32 மில்லிமீட்டர் என்று அப்படியே வைத்துக்கொள்வேன். 40 மில்லிமீட்டர் வால்வைப் போட்டால் ஏட்டில் குதிரை கூடும். ஆனால் சீட்டுகளுக்கு நடுவே மிஞ்சும் உலோகம் குறைந்து, உங்கள் பழைய ஹெட்டில் கண்ட அதே விரிசல் திரும்ப வரும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் மிதமானது, எங்கிள் நிறுவனத்தின் டபிள்யூ 100 போதும். கிராங்க், ஃப்ளைவீல், கிளட்ச் மூடி மூன்றையும் சேர்த்து பேலன்ஸ் செய்து, கனெக்டிங் ராடுகளை எடை சமன் செய்ய வேண்டும். ஃப்ளைவீலின் நடு நட்டுக்கு 30 கிலோகிராம்-மீட்டர் முறுக்கு வேண்டும். ஒரு மீட்டர் குழாயின் முனையில் முப்பது கிலோ என்று கணக்கு. பட்டறையில் பையன்கள் இதற்காகக் காத்திருக்கிறார்கள்.

கார்புரேட்டர் பக்கத்துக்கு ஒன்று, வெபர் 34 ஐசிடி. பெரியவை வேண்டாம்.

ஆயில் விஷயத்தில் ஜெர்மானியர்கள் எனக்குப் புரியாதவர்கள். இரண்டரை லிட்டர் ஆயில், அதை வடிகட்ட ஒரு கம்பி வலை மட்டும். நம் ஊர்ப் புழுதிக்கு அது போதாது. பம்ப்பின் அருகே கேஸைத் துளைத்து முழு ஓட்ட ஃபில்டர் ஒன்றும், அடியில் கூடுதல் ஆயில் தொட்டி ஒன்றும் வைப்பேன். டேஷ் போர்டில் ஆயில் சூட்டு மீட்டர் ஒன்று கட்டாயம். மூன்றாம் பிளக்குக்கு அடியில் ஹெட் சூட்டைக் காட்டும் வளையமும் வைப்பேன். ஆயில் 120 டிகிரியைத் தாண்டினால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துவதாக நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். கிராங்கில் சிறிய புல்லி போட்டால் இரண்டு குதிரை மிச்சம் என்று யாராவது சொல்வார்கள். அந்த இரண்டு குதிரையும் விசிறியின் வேகத்திலிருந்து திருடியவை.

பெட்ரோல் இன்னொரு கவலை. இப்போது பங்கில் கிடைப்பதில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளையான ஜெட் பழைய அளவிலேயே இருந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து, சூடு கூடும். ஆகவே ஜெட்டைப் பெரிதாக்க வேண்டும். பழைய ரப்பர்க் குழாய்களையும் அது அரிக்கும். இந்தக் காரில் குழாய் கசிந்தால் சொட்டுவது சூடான இன்ஜினின் மேல், அதன் கேஸ் மக்னீசியம் என்பதை நினைவில் வையுங்கள். பெட்ரோல் தொட்டியிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லாக் குழாயும் எத்தனால் தாங்குவதாகப் புதிதாகப் போடுவேன். இதில் சிக்கனம் கேட்காதீர்கள்.

முதல் முறை ஸ்டார்ட் செய்யும் நாளில் நீங்கள் இங்கே இருந்தால் நல்லது. புதிய கேமும் அது தள்ளும் டேப்பட்டும் ஒன்றுக்கொன்று பழகுவதற்காக, இன்ஜின் உயிர்பெற்ற கணத்திலிருந்து இருபது நிமிடம் 2000 சுற்றுக்குக் குறையாமல் ஓட வேண்டும். ஐடிலிங்கில் விட்டால் கேம் போய்விடும். இரைச்சல் தெருவே கேட்கும். அதனால் அதைப் பட்டறையிலேயே முடித்துவிட்டுத்தான் பள்ளத்தூருக்குக் கொண்டுவருவேன் என்று ஆச்சியிடம் சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கு ஒரே நிபந்தனை: கொட்டகைத் தரையின் ஆத்தங்குடிக் கல்லில் ஆயில் சொட்டக் கூடாது. எழுபது குதிரையைவிட அது கடினமான நிபந்தனை. இந்த இன்ஜின்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

இப்போது உங்களிடமிருந்து எனக்கு ஒரு பதில் வேண்டும்: 90.5-ஆ, 94-ஆ? வரும் திங்கட்கிழமை கேஸ் கோயம்புத்தூருக்குப் போகிறது. குறைவாகக் குடைந்துவிட்டுப் பிறகு பெரிதாக்கலாம். பெரிதாகக் குடைந்ததைச் சிறிதாக்க வழி இல்லை. பதில் வராவிட்டால் 90.5 என்று சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
பட்டறை அண்ணன்,
காரைக்குடி